"வீட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சுக்கட்டும்": ஒதுங்கிப்போன ஒரு பன்னிரண்டு வயதுப் பையனும் அவன் வீடும் – நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பம் உண்மையில் ஒரே குடும்பம் அல்ல. பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து குடியேறிய வீடுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் கூறுகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி நிகழ்வு. நாள்கணக்கும் எண்ணிக்கையும் அதே போல அமைத்தவைதான். இப்படியொரு நிகழ்வை எப்படிப் பதிவுசெய்வது, எதை முதலில் தொடுவது, எங்கே சறுக்கும் என்று காட்டவே அவை. ஆய்வாளர் பெயரோடு வரும் முடிவுகள் மட்டும் வெளியான ஆய்வுகளைச் சேர்ந்தவை.

வந்த விதம்

பையனுக்கு 12 வயது 8 மாதம். ஏழாம் வகுப்பு. நவம்பர் நடுவில் வகுப்பாசிரியை சொல்லி அனுப்பித்தான் பெற்றோர் ஆலோசகர்களிடம் வந்தார்கள், அவர்களாக வரவில்லை. அவர்கள் பார்வையில் வீட்டில் பிரச்சினை என்று எதுவும் கிடையாது. "ரொம்ப அமைதிங்க. தெருவுக்கே போக மாட்டான். ஒரு தொந்தரவு இல்ல" என்றார் அம்மா. அப்பாவுக்கு வேறு குறை: "ஊருக்குப் போனா வாயாடுறான். இங்க வந்தா ஊமை மாதிரி நடிக்கிறான்."

ஆசிரியை கொண்டுவந்தது வருகைப்பதிவு. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய 4 நாள் விடுப்பு. செப்டம்பரிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை 45 வேலைநாளில் 19 நாள். வகுப்பில் வருகை கேட்கும்போது கையைத் தூக்குவான், குரல் வராது. மதியச் சாப்பாட்டை மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான்.

அந்த 19 நாளையும் கிழமைவாரியாக எழுதிப் பார்த்ததுதான் இந்த நிகழ்வில் செய்த முதல் உருப்படியான வேலை. 8 நாள் திங்கட்கிழமை. 5 நாள் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் நாள். மீதி 6 நாள் காய்ச்சல், தலைவலி, ஊர்ப் பயணம். வாசிப்பு நாளில் ஒளிவது புரிகிறது. திங்கட்கிழமைக்கு என்ன காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வீடு

தேனிப் பக்கத்துக் கிராமம். பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அப்பத்தாவிடம் வளர்ந்தவன். பெற்றோர் அதற்கு முன்பே திருப்பூர் வந்துவிட்டார்கள். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் கூலி. அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். இருவருக்கும் பெரும்பாலான நாள் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. குடியிருப்பது ஆறு வீடு வரிசையாக உள்ள காம்பவுண்டில், ஒரு அறையும் ஒரு சமையல் மேடையும்.

ஐந்து வயது மூத்த அக்கா ஒருத்தி. ஆறாம் வகுப்பில் அவனைச் சேர்த்த நாளிலிருந்து அவனுக்கு வாயாக இருந்தவள் அவள்தான். கடைக்கு அவள் போனாள், ஆசிரியரிடம் அவள் பேசினாள், வீட்டுப்பாடம் என்னவென்று அவன் வகுப்புப் பையனிடம் அவளே போன் செய்து கேட்டாள். செப்டம்பரில் நர்ஸிங் படிக்க மதுரை விடுதிக்குப் போனாள். விடுப்புக் கணக்கு ஏறத் தொடங்கியதும் அதே மாதம். அக்கா இருந்தவரை அவனுடைய தயக்கம் வெளியே தெரிய வழியே இல்லை. எத்தனையோ வீடுகளில் "திடீர்னு இப்படி ஆயிட்டான்" என்பதற்குப் பின்னால் இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் விலகிப்போன தேதி இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாலை நாலரைக்குப் பையன் வீடு திரும்புவான். எட்டே முக்கால் வரை தனியாள். அம்மா போட்ட சட்டம் மூன்று: கதவை உள்ளே பூட்டிக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே, சத்தம் காட்டாதே. முதல் இரண்டும் ஊர் தெரியாத இடத்தில் எந்தத் தாயும் சொல்வதுதான். மூன்றாவது எங்கிருந்து வந்தது என்பது நாலாவது சந்திப்பில்தான் வெளிப்பட்டது. மகளிர் குழுக் கடனில் இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. வசூலுக்கு வருகிறவர் மாலையில் கதவைத் தட்டுவார். "லைட்டை அமத்திட்டுப் பேசாம இரு, வீட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சுக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார் அம்மா.

அக்கா போனதிலிருந்து, நாளுக்கு நாலு மணி நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது என்பது ஒரு பயிற்சி. மனிதர் வந்தால் மறைந்துகொள் என்பதை வேறு எப்படி இவ்வளவு திருத்தமாகக் கற்றுக்கொடுக்க முடியும்!

திங்கட்கிழமையின் காரணமும் பணத்தைச் சுற்றியே இருந்தது. சனிக்கிழமை இரவு சம்பளம். அப்பா குடித்துவிட்டு வருவார்; எவ்வளவு குறைகிறது என்ற சண்டை சனி இரவு தொடங்கி ஞாயிறு முழுக்க ஓடும். இரண்டு முறை அம்மா பெட்டியைக் கட்டியிருக்கிறார். திங்கள் காலை பையனுக்கு வயிற்றுவலி. மகன் படுத்துக்கொண்டால் அம்மாவும் அரை நாள் லீவு போடுவார், ஊருக்குப் போக மாட்டார். அவன் பள்ளிக்குப் பயந்து மட்டும் வீட்டில் இருக்கவில்லை. வீட்டைக் காவல் காத்தும் இருந்தான். இதைக் கண்டுபிடிக்காமல் பள்ளிப் பயத்துக்கு மட்டும் மருந்து தேடியிருந்தால் திங்கட்கிழமைகள் அப்படியே கிடந்திருக்கும்.

முதலில் விலக்க வேண்டியவை

பேசாத பிள்ளை என்றதும் மனத்துக்குப் போய்விடக் கூடாது. காது கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, இரத்தச்சோகை உண்டா, தைராய்டு சரியா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்தாயிற்று. ஹீமோகுளோபின் மட்டும் சற்றுக் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை தொடங்கினார்கள். வாசிப்பைத் தனி அறையில் சோதித்ததில் வயதுக்கேற்றபடி வாசித்தான், அதனால் வாசிப்புக் குறைபாடு இல்லை. சிறு வயதிலிருந்தே கண் பார்த்துப் பேசியவன், பாவனை விளையாட்டு ஆடியவன், ஊரில் கூட்டாளிகள் இருந்தவன். ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் சேரவில்லை. தூக்கமும் பசியும் சரி. பிடித்ததில் ஆர்வம் குறையவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டார்கள், இல்லை. யாராவது தொட்டார்களா, மிரட்டினார்களா என்று பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள், அதுவும் இல்லை.

சில வாரங்களுக்குள் சட்டென ஒதுங்கிய பிள்ளை, குளிப்பதை நிறுத்திய பிள்ளை, இரவு பகல் மாறித் தூங்கும் பிள்ளை, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்லும் பிள்ளை, உடம்பில் கீறிக்கொள்ளும் பிள்ளை ஆகியோருக்கு இந்தக் கட்டுரையின் படிகள் பொருந்தா. உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம். தொல்லைக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

எந்த வகை ஒதுக்கம்?

ஜெர்மானிய உளவியலாளர் ஆசென்டார்ப் 1990-ல் பிரித்துக் காட்டியது இன்றும் உதவுகிறது. பிறரோடு சேரும் ஆசை ஒரு விசை, விலகும் உந்துதல் இன்னொரு விசை. இரண்டும் மிகுந்திருந்தால் கூச்சம்: போகவும் தோன்றும், காலும் நகராது. இரண்டும் குறைவாக இருந்தால் தனிமையே பிடிக்கும் இயல்பு, அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஆசை வற்றி விலகல் மட்டும் மிஞ்சினால் அது தவிர்ப்பு. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான் அதிகம். இவற்றோடு சேராமல், சக பிள்ளைகளே தள்ளிவைத்ததால் தனியாக நிற்கும் பிள்ளையும் உண்டு.

இந்தப் பையனிடம் கூச்சமும் தள்ளிவைப்பும் கலந்திருந்தன. மைதானத்தில் ஆட்டம் நடந்தால் ஓரமாக நின்று கடைசிவரை பார்ப்பான். தனிமை விரும்பி என்றால் நூலகத்துக்குப் போயிருப்பான், ஓரத்தில் நிற்க மாட்டான். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மூன்று நாளும் சித்தப்பா பையன்களோடு தோட்டம் துரவெல்லாம் சுற்றினான். அப்பா "நடிப்பு" என்றது இதைத்தான். ஆனால் பழகிய இடத்தில் தாராளமாகப் பேசி, புதிய இடத்தில் உறைந்து போவதுதான் கூச்சத்தின் அடையாளமே. தள்ளிவைப்பு ஆறாம் வகுப்பில் தொடங்கியிருக்கிறது. "அங்கிட்டு வைக்கவா?" என்று ஒரு நாள் கேட்டான். கொங்குப் பேச்சு வகுப்பில் அது புதிதாக ஒலித்தது. அன்றிலிருந்து அவன் பெயரே "அங்கிட்டு". வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்பது அவனைப் பொறுத்தவரை கற்பனைப் பயம் அல்ல, நடந்தது.

இயல்பில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு?

தவழும் வயதிலேயே புதிய முகம் கண்டால் அழுது முந்தானைக்குள் ஒளிவான் என்றார் அப்பத்தா போனில். அம்மாவும் அப்படித்தான் வளர்ந்தாராம். புதியதைக் கண்டு பின்வாங்கும் பிறவி இயல்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்ற அளவில் குழந்தைகளிடம் இருப்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் ககனின் ஆய்வுகள் காட்டின. அவர்களில் பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுகிறார்கள். யார் தேறுகிறார்கள், யார் தேறுவதில்லை என்பதில்தான் வீடு நுழைகிறது.

உளவியலாளர் கென்னத் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். இரண்டு வயதில் பின்வாங்கிய குழந்தைகளை நாலு வயதில் திரும்பப் பார்த்தார்கள். எந்தக் குழந்தைகளின் தாய்மார் அளவுக்கு மீறித் தலையிட்டார்களோ, அல்லது கேலியாக மட்டம் தட்டினார்களோ, அந்தக் குழந்தைகளிடம்தான் பழைய தயக்கம் அப்படியே தொடர்ந்தது. நம் வீட்டில் இந்த இரண்டு வேலையையும் இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்திக்கொண்டு பேசுவார். அப்பா நாலு பேர் முன்னால், "பொட்டப்புள்ள மாதிரி நெளியுறான் பாரு" என்பார். அப்பா குத்தக் குத்த அம்மா இன்னும் இழுத்துப் பொத்துவார். அம்மா பொத்தப் பொத்த அப்பாவுக்கு எரிச்சல் ஏறும். "நீங்க கண்டிக்கிறதாலதான்", "நீ செல்லங் குடுக்கிறதாலதான்" என்ற வழக்கு அந்த வீட்டில் தீர்ந்ததே இல்லை. இருவர் சொல்வதும் பாதி உண்மை என்பதால் தீரவும் வழியில்லை.

பள்ளியும் இதில் சேர்த்தி. கைகட்டி வாய்பொத்தி இருக்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்றே நம் வகுப்பறைகள் நெடுங்காலம் பாராட்டின. சீனத்தின் ஷாங்காயில் சின்யின் சென் குழுவினர் 1990, 1998, 2002 எனப் பிள்ளைகளை அளந்தபோது, 1990-ல் கூச்சமுள்ள பிள்ளைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆசிரியர்களும் மெச்சினார்கள். 2002 வாக்கில் அதே கூச்சத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வும் சேர்ந்தது. ஊர் மாறாமலே பன்னிரண்டு வருடத்தில் அது நடந்தது. கிராமத்திலிருந்து பனியன் நகரத்துக்கு வந்த பையனுக்கு அந்த மாற்றம் ஒரே பேருந்துப் பயணத்தில் நடந்துவிட்டது.

பதினான்கு நாள் குறிப்பேடு

எதையும் மாற்றச் சொல்லாமல், 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, பையனுக்காக வீட்டார் செய்வதை மட்டும் எழுதச் சொன்னார்கள். நேரம், என்ன நடந்தது, யார் என்ன செய்தார், எவ்வளவு நேரம் பிடித்தது, அவ்வளவுதான். ஒரு பதிவு இப்படி:

"செவ்வாய் 6.10. சிலிண்டர்காரர் வந்தார். தம்பி லைட்டை அமத்திட்டு எனக்கு போன். நான் சூப்பர்வைசர் கிட்ட கேட்டுட்டு வெளிய வந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன். அக்கா வாங்கி வச்சாங்க. 12 நிமிஷம்."

பதினான்கு நாளில் 61 பதிவு. அவனுக்குப் பதிலாக வேறொருவர் பேசியது 38. கடை வேலை 9. கதவு 8. பள்ளிக்குச் சாக்குச் சொன்னது 6. "தொந்தரவே இல்லாத பையன்" என்று சொன்ன அம்மா, அந்தப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. வீடு முழுவதும் அவன் தயக்கத்தைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு ஒன்றுதான்: அவன் தவிக்கிறான், யாரோ கைகொடுக்கிறார்கள், அந்த நொடியே நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் அவனைப் பின்வாங்க வைக்கிறது.

குறிப்பேட்டில் ஒரு தவறும் நடந்தது. அப்பா குத்திப் பேசியதை எல்லாம் அம்மா தனிப்பக்கத்தில் எழுதி வைத்தார், 11 வந்தது. ஞாயிற்றுக்கிழமை சண்டையில் நோட்டு ஆயுதமாகிவிட்டது. அதன்பின் விதி மாற்றப்பட்டது: அவரவர் செய்ததை அவரவர் மட்டும் எழுத வேண்டும், அடுத்தவர் பக்கத்தைப் படிக்கக் கூடாது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விதி இது.

முதல் மூன்று வாரம் பையனிடம் எதுவும் கேட்கவில்லை

வேலை பெற்றோரிடம் தொடங்கியது. இது வெறும் வசதிக்காக அல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு, பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையான 124 குழந்தைகளை வைத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரை மட்டும் பயிற்றுவித்த பிரிவும் குழந்தைக்கே நேரடிச் சிகிச்சை தந்த பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கண்டன. வாயைத் திறக்காத பிள்ளையை மாதக்கணக்கில் ஆலோசனை அறையில் உட்காரவைப்பதைவிட இது நடக்கக்கூடிய வழி.

கடன் முதலில். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் நெறிகளின்படி வசூல், இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். மாலை ஆறுக்குமேல் கடன் வாங்கியவரைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு முறை அந்த இடத்துக்கு வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். நின்ற தவணை இரண்டு என்பதால் வீட்டுக்கு வரக் காரணம் இருந்தது. அம்மா குழுத் தலைவியை வைத்துப் பேசி, ஒரு தவணையை உடனே கட்டி, மீதியை நாலு வாரமாகப் பிரித்து, குழுக் கூட்டத்திலேயே கட்ட ஒப்புக்கொண்டார். மாலைக் கதவுத் தட்டல் நின்றது.

பிறகு வீட்டுச் சட்டம். "திறக்காதே" அப்படியே இருந்தது. தனியாக இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். "சத்தம் காட்டாதே" போனது. தட்டினால் மூடிய கதவுக்குப் பின்னிருந்தே, "அம்மா வேலையா இருக்காங்க, அப்புறம் வாங்க" என்று சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லக் கூடாது. மாலை ஐந்திலிருந்து ஆறுவரை பக்கத்து வீட்டு அக்கா வாசலில் பூக்கட்டும் நேரம். அந்த ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கலாம்.

சம்பளக் கணக்கை ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீட்டுக்கு வெளியே, டீக்கடையில் வைத்துப் பேசுவது என்று முடிவானது. ஒற்றை அறை வீட்டில் "பிள்ளை முன்னால் சண்டை போடாதீர்கள்" என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை. சுவர் எங்கே இருக்கிறது? இடத்தைத்தான் மாற்ற முடியும். குடிக்கு அரசு மருத்துவமனை மறுவாழ்வுப் பிரிவுக்கு அப்பாவை அனுப்பினார்கள். இரண்டு முறை போனார்.

அம்மா வாரம் நாலு நாள் ஒற்றை ஷிப்டோடு வீடு திரும்ப வேண்டும் என்பது தொடக்கத் திட்டம். அரை ஷிப்ட் கூலியை நாலு நாள் விடுவது அந்த வீட்டால் முடியாது. ஒரு நாள் முடிந்தது, வியாழக்கிழமை. திட்டம் போடுகிறவர்கள் கூலியைக் கணக்கில் எடுக்காவிட்டால், முடியாத திட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி முடிப்பதுதான் நடக்கும்.

அப்பாவுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. ஞாயிறு மாலை 20 நிமிடம், மகனோடு சேர்ந்து பைக்கைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுவது. கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் கைவேலை செய்யும்போது கூச்சமுள்ள பிள்ளைக்கு நெருக்கடி குறையும். மூன்றாவது ஞாயிறு பையனாகவே பேசினான்: செயின் தொய்ந்திருக்கிறது என்றான்.

அம்மாவுக்குக் கொடுத்தது இரண்டு வாக்கியம். அவர் வாய்வழக்கிலேயே எழுதிக்கொண்டார்: "ஒனக்குப் பயமாத்தான் இருக்கு, எனக்குத் தெரியுது. பயந்தாலும் ஒன்னால தாங்க முடியும்னும் தெரியுது." முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் அது பொத்திவைப்பது, இரண்டாவதை மட்டும் சொன்னால் அது விரட்டுவது. இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்பது தைரியமூட்டல் அல்ல, அவன் உணர்வதைப் பொய் என்பது.

படிக்கட்டு

நாலாம் வாரத்திலிருந்து பையனோடு உட்கார்ந்து ஒன்பது படி எழுதினார்கள். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் அவனே போட்டான்.

1. மூடிய கதவுக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு "இருக்கேன்க்கா" என்பது – 2
2. மளிகைக்கடையில் அம்மா பேச, காசை அவன் நீட்டுவது – 3
3. எழுதிய சீட்டை நீட்டி வாங்குவது – 3
4. "ஆவின் பச்சை, அரை லிட்டர்" என்று கேட்டு வாங்குவது – 5
5. மீதிச் சில்லறை குறைந்தால் கேட்பது – 7
6. வகுப்பில் ஒருவனிடம் நோட்டு இரவல் கேட்பது – 7
7. வருகைக்கு வாய்விட்டுச் சொல்வது – 8
8. ஒரு பத்தி வாசிப்பது – 9
9. கல்யாணப் பந்தியில் அம்மா இல்லாமல் உட்காருவது – 10

ஒரு படியைக் குறைந்தது ஐந்து முறை, வேறு வேறு நாளில் செய்ய வேண்டும்; அவன் போட்ட மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்தது. கூடவே அந்த இடத்தில் அம்மா கைகொடுப்பதும் நிற்கும். அதை முன்னாலேயே அவனிடம் சொல்லியாக வேண்டும்: "வர்ற திங்கக்கிழமையிலருந்து கடைக்காரர் உன்னையக் கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்." சொல்லாமல் கைவிட்டால் அது தண்டனையாகிவிடும்.

கைகொடுப்பதை நிறுத்திய முதல் வாரம் நிலைமை மோசமாகத்தான் ஆகும். ஒரு நாள் இரவு அவன் சாப்பிடவில்லை. நோட்டைக் கிழித்தான். மதுரையிலிருந்து அக்கா மளிகைக்கடைக்காரருக்கே போன் போட்டுப் பால் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பச் சொன்னாள். பாசம்தான், ஆனால் வேலை கெட்டது. அக்காவையும் அப்பத்தாவையும் முதல் சந்திப்பிலேயே போனில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் கைகொடுக்கிறவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் ஒன்றாக நிறுத்தினால்தான் நிற்கும்.

பெரிய சறுக்கல் அந்த வாரமே. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் ஊரில் கல்யாணம். பையன் இரண்டாம் படியில் இருந்தான். "நல்லாத்தானே தேறுறான்" என்று அப்பா அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் பெரியவர்களுக்கு நடுவே பந்தியில் உட்காரவைத்தார். பெரியப்பா ஒருவர், "என்னடா, இன்னும் ஊமைதானா?" என்றார். பையன் எழுந்து வெளியே போனவன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்து நாலு நாள் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டிலிருந்து ஒன்பதுக்குத் தாவியதன் விலை இரண்டு வாரம். சரிக்கட்டியது அப்பாவின் ஒரு வரி: "அன்னைக்கு ஒன்னைய அங்க உக்கார வச்சது என் தப்புப்பா." அதற்குமேல் விளக்கம் சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்; சொல்லவில்லை.

மூன்றாம் படியில் இன்னொரு சிக்கல். சீட்டு நீட்டுவது அவனுக்குப் பிடித்துப்போனது, எட்டு நாளாக அதையே செய்தான். படியாக வைத்தது ஊன்றுகோலாகிவிட்டது. சீட்டைப் பிடுங்கவில்லை, சட்டைப்பையில் இருக்கட்டும், வாய் தடுக்கினால் மட்டும் எடு என்றார்கள். மூன்று நாளில் எடுப்பதை மறந்தான்.

பள்ளியும் போனும்

வகுப்பாசிரியை நான்கு காரியம் செய்தார். கேட்கப்போகும் கேள்வியை முந்தின நாளே துண்டுத்தாளில் கொடுத்தார். வருகைப்பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் வேலையைத் தந்தார். "அங்கிட்டு" என்று கூப்பிட்ட மூவரைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். தனித்தனியே என்பது முக்கியம், கும்பலாகக் கண்டித்தால் பழி இவன் தலையில் விழும். திங்கள் காலைகளில் வாசலிலேயே நின்று, எதுவும் கேட்காமல் கூடவே வகுப்புக்கு நடந்தார். ஒரு தவறும் செய்தார்: நாலு நாள் கழித்து அவன் வந்தபோது வகுப்பையே கைதட்டச் சொன்னார். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பாராட்டும் ஒரு பொதுப்பார்வைதான். மறுநாள் வரவில்லை.

போனைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதே தொடக்கம் முதல் அப்பாவின் மருந்து. மாலை நாலு மணி நேரமும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்பது உண்மை. ஆனால் அந்த விளையாட்டில் அவன் மைக்கைப் போட்டு மூன்று பேரோடு கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்குள் அவன் குரல் உயர்ந்து ஒலித்த ஒரே இடம் அது. யார் யார் என்று கேட்டபோது ஒருவன் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு என்றான். ஒன்றரை மாதமாகப் பழக்கம், ஆனால் பள்ளியில் பார்த்தால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. யாரும் அதுவரை இதைக் கேட்கவில்லை. மற்ற இருவர் யாரென்று தெரியாததால் அவர்களோடு பேசுவதை நிறுத்தினார்கள்; நேரம் ஒன்றரை மணியாகக் குறைந்தது. வியாழக்கிழமை அம்மா சீக்கிரம் வரும் நாளில் எட்டாம் வகுப்புப் பையன் வீட்டுக்கு வந்தான். முதல் முறை ஒரு மணி நேரத்தில் இருவரும் பேசியது பத்து வார்த்தை இருக்கும். அவனும் இதே ரகம். ஒதுங்கும் பிள்ளைகளுக்கும் நண்பன் அமைவது அரிதல்ல, அமைகிறவனும் பெரும்பாலும் ஒதுங்குகிறவனே என்று ரூபின் குழுவின் ஆய்வுகள் சொல்கின்றன. கலகலப்பான பையனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைப்பதைவிட இந்தப் பத்து வார்த்தை மேல்.

பதினாறு வாரம் முடிந்தபோது

ஜனவரியிலிருந்து மார்ச் வரை 55 வேலைநாளில் 7 நாள் விடுப்பு. அதில் திங்கள் 2. ஏழாம் படி தாண்டினான். குரல் சன்னம், ஆனால் முதல் வரிசைக்குக் கேட்கிறது. எட்டாம் படியில் ஆசிரியை ஒருவர் முன் மட்டும் வாசிக்கிறான், வகுப்பில் இல்லை. குறிப்பேட்டை மறுபடி பதினான்கு நாள் எழுதியதில் 61 என்பது 17 ஆகியிருந்தது. மாத்திரை எதுவும் மனத்துக்காகத் தரவில்லை. படிகள் எட்டு வாரத்தில் நகராமல் இருந்திருந்தால் மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்பது என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

அப்பா பொங்கல் வாரத்தில் திரும்பவும் குடித்தார். அந்தத் திங்கள் பையன் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டுக்கும் வருகைப்பதிவுக்கும் உள்ள நூல் அறவில்லை, மெலிந்திருக்கிறது. அடுத்த சந்திப்புகளில் பையனைவிட அப்பாவுக்கே நேரம் அதிகம் ஒதுக்கப்பட்டது.

ஒன்பதாம் படியைப் பற்றி அவனிடமே கேட்டார்கள். பயம் இப்போது எவ்வளவு என்றதற்கு 4 என்றான். அப்படியானால் அடுத்த கல்யாணத்தில் உட்காரலாமே என்றதும், "உக்காரலாம். ஆனா எனக்குப் பந்தி பிடிக்கல. வெளிய நின்னு சாப்பிட்டுக்கிறேன்" என்றான். பயம் 10 ஆக இருந்தபோது அவனால் இதைச் சொல்ல முடிந்ததில்லை. படிக்கட்டிலிருந்து ஒன்பதாம் வரியை அடித்துவிட்டார்கள்.